சேத்துமடைக்கு மேலே ஒரு வீடு

காட்டு பங்களாக்களைக் கட்டியவர்கள் என்னைப் போன்ற ஆளை மனதில் வைத்துக் கட்டவில்லை. வெள்ளைக்கார வன அதிகாரி தன் சரகத்தைச் சுற்றிப் பார்க்கப் புறப்பட்டால், பொழுது சாய்கிற இடத்தில் அவருக்குத் தலைக்கு மேல் ஓடு வேண்டும், காலை நீட்ட நாற்காலி வேண்டும், வெட்டிய மரத்தையும் வெட்டப்போகிற மரத்தையும் கணக்கெழுத ஒரு மேசை வேண்டும். ஒரு பகல் நடைக்கு ஒன்றாக அந்த வீடுகள் எழுந்தன. 1864இல் இந்திய வனத்துறை உண்டாகி, 1882இல் சென்னை மாகாணத்துக்கென்று வனச் சட்டமும் வந்தபிறகு, காடு சர்க்கார் சொத்தாகிவிட்டது. சொத்தைப் பார்வையிட வருகிற எசமானுக்கு ஒரு தங்குமிடம், அவ்வளவுதான். ஓடும் உத்தரமும் சுமந்து மலையேற்றியவர்களில் ஒருவர்கூட அந்தத் தேக்குக் கட்டிலில் ஓர் இரவு படுத்திருக்க மாட்டார்.

இதெல்லாம் தெரிந்தும், அப்படிப்பட்ட வீடொன்றின் மேல் எனக்குத் தீராத ஏக்கம். தெரிந்ததனால் ஏக்கம் குறைந்ததா என்றால் இல்லை. கொஞ்சம் கூச்சம் சேர்ந்துகொண்டது, அவ்வளவே.

வீடு ஆனைமலையில், உலாந்தி சரகத்தில், டாப்ஸ்லிப்பிலிருந்து இன்னும் உள்ளே போகவேண்டிய இடத்தில் இருக்கிறது. பெயரைச் சொல்லப்போவதில்லை. சொன்னால் அடுத்த சனிக்கிழமையே நாலு பேர் வண்டி எடுத்துக்கொண்டு போய் சோதனைச் சாவடியில் நின்று வாக்குவாதம் செய்வார்கள். அங்கே இப்போது வெளியாட்களை விடுவதில்லை. நான் போய்வந்த காலத்தில் விட்டார்கள். பொள்ளாச்சியில் எழுதிக்கொடுத்து அனுமதிக் கடிதம் வாங்கவேண்டும். கையோடு கடைவீதியில் அரிசி, துவரம்பருப்பு, கடலெண்ணெய், சின்ன வெங்காயம், மெழுகுவத்தி, தீப்பெட்டி எல்லாம் வாங்கிக்கொள்ளவேண்டும். மேலே கடை கிடையாது. பரம்பிக்குளம் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தால் சேத்துமடை வரை தென்னந்தோப்பு. அதற்குப் பிறகு மலை. பரம்பிக்குளம் கேரளத்து ஊர், ஆனால் அந்த மாநிலத்துக்காரர்களே தமிழ்நாட்டுக்குள் நுழைந்து இந்தச் சேத்துமடை வழியாகத்தான் வண்டியில் அங்கே போயாகவேண்டும். அதனால் பஸ்ஸில் எப்போதும் பாதித் தமிழும் பாதி மலையாளமுமாக ஒரு பேச்சு ஓடிக்கொண்டிருக்கும். கொண்டை ஊசி வளைவுகள் முடிந்து தேக்கு நிழலுக்குள் வண்டி நுழைகிறபோது அந்தப் பேச்சும் அடங்கிவிடும்.

வீட்டை முதலில் சொல்லிவிடுகிறேன். சீமை ஓட்டுக் கூரை. பாசி ஏறி ஓட்டின் சிவப்பு எங்கோ ஓரத்தில்தான் தெரியும். முன்னால் நீண்ட தாழ்வாரம். நடுவில் ஒரு கூடம், இரண்டு பக்கமும் ஒவ்வொரு படுக்கையறை. கூடத்தில் கணப்பு அடுப்பு, அதன் மேல் தேக்குப் பலகை, பலகை மேல் ஒரு காட்டுமாட்டுக் கொம்பு. சமையற்கட்டு வீட்டோடு ஒட்டாமல் பின்னால் தனியாக இருக்கும். இரண்டுக்கும் நடுவே கூரை போட்ட நடை. தீப்பிடித்தால் சமையற்கட்டோடு போகட்டும் என்றும், புகையும் வேலைக்காரர் பேச்சும் துரை காதில் விழக்கூடாது என்றும் அப்படிக் கட்டியிருப்பார்கள். சுற்றிலும் யானை அகழி. அதைக் கடக்க நாலு பலகை போட்ட பாலம். பொழுது இறங்கியதும் பலகைகளை உள்ளே இழுத்துவிடுவார்கள். இழுத்தபிறகு அது தீவு.

படுக்கையறைச் சுவரில் சட்டம் போட்ட ஒரு காகிதம் தொங்கும். பீங்கான் தட்டு இத்தனை, கோப்பை இத்தனை, அரிக்கேன் விளக்கு இத்தனை, கொசுவலை இத்தனை என்று தட்டச்சில் பட்டியல். பட்டியலில் இருந்ததில் பாதி வீட்டில் இருக்காது. ஆனாலும் ஒவ்வொரு தடவையும் அதை முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை படிப்பேன். ஒரு வீட்டில் என்னென்ன இருக்கவேண்டும் என்பதை அவ்வளவு சுருக்கமாக வேறெங்கும் படித்ததில்லை.

அழகாகவே சொல்லிக்கொண்டு போகிறேன், நாற்றத்தையும் சொல்லவேண்டும். மச்சுப்பலகைக்கு மேலே வௌவால்கள் குடியிருந்தன. மழைக்காலத்தில் அந்தப் புழுக்கை வாடை மெத்தையில் இறங்கி, சோற்றில் இறங்கி, ஊருக்கு வந்த பிறகும் சட்டையில் இருக்கும். வௌவால் வாடை இல்லாத பழைய பங்களாவை இப்போது நான் நம்புவதில்லை. மலையடிவாரங்களில் 'பழங்கால மரவீடு' என்று புதிதாகக் கட்டி வாடகைக்கு விடுகிறார்கள். அரிக்கேன் விளக்குக்குள் எல்.இ.டி. பல்பு எரிகிறது. ஒருநாள் தங்கிப் பார்த்தேன். எல்லாம் இருந்தது, பயம் மட்டும் இல்லை. இருட்டினால் வெளியே போகக்கூடாது என்ற நியாயமான, உடம்பில் உறைக்கிற பயம் இல்லாமல் காட்டு வீடு என்று ஒன்று கிடையாது.

அந்தப் பயத்தை எனக்குக் கற்றுக்கொடுத்தவர் அங்கே காவலும் சமையலும் பார்த்த பெரியவர். மலசர் இனத்தவர். முதலில் "ஏனுங்க சார்" என்றார்; சில வருசம் போய்ப் பழகியபின் எப்போது என்று தெரியாமல் "தம்பி" ஆகிவிட்டேன். அவரை அண்ணா என்று கூப்பிடுவேன். சாயங்காலம் ஐந்தரைக்கெல்லாம் சாப்பாட்டை முடித்துவிடச் சொல்வார். அரிசியும் பருப்பும் சாதம்தான் பெரும்பாலும். சின்ன வெங்காயமும் பூண்டும் வதக்கிப்போட்டு விறகடுப்பில் ஒரே பாத்திரத்தில் குழைய வைத்தது. அதன்மேல் நெய். தொட்டுக்கொள்ள நான் கொண்டுபோன ஊறுகாய். ரசம் வேண்டும் என்றால் கொள்ளு வேகவைத்த தண்ணீரில் வைப்பார். அந்தச் சாதத்தை என் வீட்டில் குக்கரில் வைத்தும் பார்த்தாயிற்று, மண்சட்டியில் வைத்தும் பார்த்தாயிற்று. ருசியில் குறையில்லை. ஐந்தரை மணிப் பசி இல்லை, அதுதான்.

பாலத்துப் பலகையை இழுத்தபிறகு செய்வதற்கு ஒன்றும் இருக்காது. மின்சாரம் கிடையாது. அரிக்கேன் வெளிச்சத்தில் அரை மணிக்கு மேல் படிக்கமுடியாது, கண் கரிக்கும். தாழ்வாரத்தில் கால் நீட்டும் நாற்காலியில் சாய்ந்து இருட்டைப் பார்த்துக்கொண்டிருக்கவேண்டியதுதான். பார்ப்பது என்று சொல்வது வழக்கத்துக்காக, உண்மையில் கேட்பது. பக்கிக்குருவி ஒரே தாளத்தில் தட்டிக்கொண்டே இருக்கும். தை, மாசியில் தேக்கு இலை உதிர்க்கும் பருவம். காய்ந்த பெரிய இலை ஒன்று கிளைகளில் பட்டுப் பட்டு இறங்கித் தரையில் விழும்போது யாரோ அப்பளத்தை நொறுக்கினாற்போல இருக்கும். எங்கோ கேளையாடு நாய்மாதிரி குரைக்கும். குரைப்பு நிற்காமல் தொடர்ந்தால் பெரியவர் பீடியை அணைத்துவிடுவார்.

"புலியாண்ணா?"

"புலியோ சிறுத்தையோ. நமக்கென்னுங்க, அது அதும்பாட்டுக்குப் போகுது."

யானை வந்தால் முதலில் மூங்கில் சொல்லும். பட்டென்று ஒடிகிற சத்தம், பிறகு நீண்ட மௌனம், பிறகு வயிற்றுக்குள் உருளுகிற மாதிரி ஓர் உறுமல். ஓர் இரவு அகழியின் அந்தக் கரையில் ஒரு கூட்டம் வெகுநேரம் நின்றது. ஒன்றும் தெரியவில்லை, மூச்சும் சாணி மணமும் மட்டும் வந்தன. நாற்காலிக் கையைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தேன். பெரியவர் என்னைப் பார்க்காமலேயே மெதுவாக, "எந்திரிக்காதீங்க, தும்மாதீங்க, வேற ஒண்ணும் செய்யவேண்டாம்" என்றார். தும்மல் என்ற பேச்சே இல்லாதவனுக்கு அதற்குப் பிறகு தும்மல் வந்து படுத்திய பாடு எனக்குத்தான் தெரியும்.

காலையில் வெந்நீர். பின்புறம் மூன்று கல் வைத்துத் தகர டிரம்மில் காய்ச்சி, வாளியில் கொண்டுவந்து குளியலறை வெளிக்கதவில் வைப்பார். குளியலறைக்கு இரண்டு கதவு, ஒன்று வீட்டுக்குள், ஒன்று வெளியே. தண்ணீர் கொண்டுவருகிறவர் வீட்டுக்குள் கால்வைக்காமல் வந்துபோக வெளிக்கதவு. இதையும் கொஞ்ச வருசம் கழித்துத்தான் கவனித்தேன். கவனித்தபின் அந்த வாளியை நானே போய்த் தூக்கிக்கொண்டு வந்தேன். பெரியவருக்கு அது பிடிக்கவில்லை. வேலையைக் கெடுக்கிறான் என்று நினைத்தார்.

பகலில் நடை. புகையிலையும் சுண்ணாம்பும் குழைத்துக் கணுக்காலில் தடவிக்கொண்டுதான் மழைக்காலத்தில் இறங்குவோம், அட்டைக்கு. டாப்ஸ்லிப் பக்கம் தேக்கு வரிசையாக நிற்கும். உள்ளே போகப்போக வரிசை கலைந்து சோலைக்காடாகும். வரிசை கலைகிற அந்த இடத்தில் சத்தமே மாறும். இருவாச்சியின் இறக்கை ஓசை தலைக்கு மேல் ரம்பம் அறுத்துக்கொண்டு போகும், கருமந்தி கூப்பிடும். தேக்கந்தோட்டத்தில் அவ்வளவு பறவை கிடையாது. தோட்டமும் காடும் ஒன்றல்ல என்பதைக் காது முதலில் கண்டுபிடித்துவிடுகிறது.

அந்தத் தேக்கின் கதையைச் சொல்லாமல் அந்த வீட்டைச் சொல்லமுடியாது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஆனைமலைத் தேக்கு பம்பாய்க் கப்பல்துறைக்குப் போயிற்று, பின்பு ரயில் தண்டவாளக் கட்டைகளுக்கும் போயிற்று. யானைகள் இழுத்துவந்த மரத்தை மலை உச்சியிலிருந்து சரிவில் உருட்டிவிட்டு அடிவாரத்தில் எடுத்துக்கொண்டார்கள். வெட்டின வேகத்தில் மலை மொட்டையாகத் தொடங்கியது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஹ்யூகோ வுட் என்ற வன அதிகாரி இங்கே வந்து, மரத்தை வேரோடு அழிக்காமல் அடிக்கட்டையிலிருந்து மறுதளிர் வரவிடும் முறையைக் கொண்டுவந்தார். புதிதாகத் தேக்கும் வளர்த்தார். சட்டைப் பையில் தேக்கு விதையை நிரப்பிக்கொண்டு, கைத்தடியால் மண்ணில் குத்திக் குத்தி விதை போட்டுக்கொண்டே நடப்பார் என்று இன்றும் அங்கே சொல்வார்கள். எங்கே இறந்தாலும் இந்தக் காட்டில்தான் தன்னைப் புதைக்கவேண்டும் என்று கேட்டு வைத்திருந்தார். 1933இல் அவர் இறந்தபின் அப்படியே செய்தார்கள். டாப்ஸ்லிப் அருகே மவுண்ட் ஸ்டூவர்ட்டில் அவர் நட்ட தேக்குகளுக்கு நடுவே கல்லறை இருக்கிறது. என் நினைவுச்சின்னம் வேண்டுமானால் சுற்றிலும் பார் என்ற பொருளில் லத்தீனில் பொறித்திருக்கிறார்கள். லண்டன் தேவாலயம் ஒன்றில், அதைக் கட்டிய கிறிஸ்டபர் ரென்னின் கல்லறையில் இருக்கும் அதே வாசகம்.

வுட் துரையை எனக்குப் பிடிக்கும். ஆனால் அந்தக் கல்லறை முன்னால் நிற்கும்போதெல்லாம் வேறொன்றும் தோன்றும். ஏங்கிய இடத்துக்கே திரும்பிவர அவருக்கு முடிந்தது. காடு அவருடைய துறையின் கையில் இருந்தது, கேட்டார், கொடுத்தார்கள். காடரும் மலசரும் அதே காட்டில் தலைமுறை தலைமுறையாகப் பிறந்து செத்தவர்கள். அவர்கள் எங்கே குடிசை போடலாம், எங்கே தேன் எடுக்கலாம் என்பதை அதே துறையின் காகிதம்தான் நெடுங்காலம் தீர்மானித்தது. ஏக்கம் எல்லோருக்கும் உண்டு; அதற்குச் செவிசாய்க்க ஆள் இருப்பது சிலருக்குத்தான்.

2019 ஜனவரியில் சின்னத்தம்பியைப் பிடித்ததும் இதே மலைக்குத்தான் கொண்டுவந்தார்கள். கோவைக்குப் பக்கத்தில் தடாகம் பகுதியில் சுற்றிக்கொண்டிருந்த காட்டு யானை. பயிரைத் தின்கிறது என்று ஊசி போட்டு லாரியில் ஏற்றி, டாப்ஸ்லிப் அருகே காட்டில் விட்டார்கள். தண்ணீர் இருக்கிறது, மூங்கில் இருக்கிறது, யானைக்கு என்ன குறை என்றுதான் நானும் செய்தியைப் படித்தபோது நினைத்தேன். சின்னத்தம்பி சில நாளில் காட்டை விட்டு இறங்கி நடக்கத் தொடங்கியது. வயலும் சாலையும் கடந்து உடுமலைப்பேட்டை பக்கம், அமராவதி சர்க்கரை ஆலை வரை போய்விட்டது. போகிற வழியில் யாரையும் கொல்லவில்லை. ஊரே திரண்டு வேடிக்கை பார்த்தது, படம் எடுத்தது, அழுதது. வழக்கு உயர்நீதிமன்றம் போயிற்று. பிப்ரவரியில் மறுபடி பிடித்து, வரகளியாறு முகாமில் மரக்கூண்டில் அடைத்தார்கள். இப்போது அது கும்கி. மற்ற காட்டு யானைகளை விரட்டவும் பிடிக்கவும் போகிறது.

தொலைக்காட்சியில் அந்த யானை நடந்துபோவதைப் பார்த்த அந்த நாட்களில்தான் என் ஏக்கம் எவ்வளவு சொகுசானது என்று உறைத்தது. நான் அந்தப் பங்களாவுக்கு விருந்தாளி. அனுமதிக் கடிதத்தில் எழுதின தேதிக்குப் போனேன், எழுதின தேதிக்கு இறங்கினேன். இறங்குகிறபோது பஸ் ஜன்னலில் தலையைச் சாய்த்துக்கொண்டு வருத்தப்பட்டேன். பொள்ளாச்சியில் டீ குடித்ததும் பாதி வருத்தம் போயிற்று.

பங்களா மூடப்பட்டதை எனக்கு யாரும் சொல்லவில்லை. 2007இல் ஆனைமலை புலிகள் காப்பகமானது. பிறகு ஒரு தடவை அனுமதி கேட்கப் போனபோது, அது உள்வட்டத்தில் வருகிறது, வேட்டைத் தடுப்புக் காவலர்கள் தங்குகிறார்கள், இனிமேல் வெளியாட்களுக்கு இல்லை என்று தன்மையாகச் சொன்னார்கள். சரியான முடிவு. அந்த நாற்காலியில் உட்கார்ந்து இருட்டைக் கேட்க எனக்கு உரிமை உண்டு என்று நான் ஒருக்காலும் வாதாடமாட்டேன். இரவெல்லாம் ரோந்து சுற்றிவிட்டு வருகிற பையன்கள் அந்தத் தேக்குக் கட்டிலில் கால்நீட்டிப் படுக்கிறார்கள் என்பது எனக்கு உள்ளூரச் சந்தோஷம். கூரையில் சூரியத் தகடு வைத்திருக்கிறார்களாம், ஒயர்லெஸ் இருக்கிறதாம். வௌவால்கள் என்ன ஆயின என்று கேட்டேன். கேட்டதற்குச் சிரித்தார்கள், பதில் வரவில்லை.

டாப்ஸ்லிப்பில் தங்க இப்போதும் வழியிருக்கிறது. அறை பிடிக்கலாம், துறையின் வண்டியில் ஏறிக் காடு பார்க்கலாம், கோழிகமுத்தி முகாமில் வளர்ப்பு யானைகளுக்குக் களி உருண்டை ஊட்டுவதைப் பார்க்கலாம். கலீம் என்ற பேர்பெற்ற கும்கி அங்கேதான் 2023இல் அறுபது வயதில், அணிவகுப்பு மரியாதையோடு ஓய்வு பெற்றது. "அதுதான் இருக்கே, போய்ட்டு வாங்களேன்" என்று வீட்டில் சொல்கிறார்கள். போய்வந்தேன். மான்கள் புல்வெளியில் மேய்ந்தன. குழந்தைகள் கத்தினார்கள். எனக்கு எதிலும் குறைசொல்லத் தோன்றவில்லை, திரும்பவும் போகத் தோன்றவில்லை.

அந்த முறை இறங்கும்போது சேத்துமடைக்குப் பக்கத்தில் மகள் வீட்டில் இருந்த பெரியவரைப் பார்த்துவிட்டு வந்தேன். தொகுப்பு வீடு, இரண்டு அறை. மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. என்னைப் பார்த்ததும் எழுந்திருக்கப் பார்த்தார், முழங்கால் ஒத்துழைக்கவில்லை. அந்த வீட்டைப் பற்றியே பேசினேன். தாழ்வாரம், கணப்பு, யானைகள் நின்ற அந்த இரவு, கொள்ளு ரசம். அவர் தலையாட்டிக் கேட்டுக்கொண்டிருந்தார். கடைசியில், "உங்களுக்கு அங்க போகணும்னு தோணலையாண்ணா?" என்றேன்.

"எதுக்குங்க தம்பி?" என்றார். "அங்க இருந்த வரைக்கும் ஒரு ராத்திரி நிம்மதியாத் தூங்கினது கெடையாது. நீங்க எல்லாம் சேர்ல சாஞ்சு யானை வருதா வருதான்னு கேட்டுட்டிருப்பீங்க. நான் விறகு நனையுமா, பலகை சரியா இழுத்தமான்னு நெனச்சுட்டிருப்பேன். புகையில கண்ணு போச்சு. இங்க பாருங்க, கேஸ் அடுப்பு, பேன். மக சோறு போடுது."

காடுகூடவா வேண்டாம் என்று கேட்டேன்.

"காடு வேறங்க. பங்களா வேற. காட்டுக்கு நாங்க போய்ட்டுத்தான் இருக்கறோம், சீவக்காய் எடுக்க, கடுக்காய் எடுக்க. போன மாசங்கூட என் பேரன் போனான்." பிறகு ஏதோ நினைவு வந்தவராக, "நீங்க ஒருக்கா ஒரு பாட்டில் நெய் மறந்துட்டுப் போனீங்களே, அத நாங்க ரெண்டு மாசம் வெச்சிருந்து சாப்பிட்டோம்" என்று சொல்லிச் சிரித்தார்.

மகள் காப்பி கொண்டுவந்து வைத்தாள். பொள்ளாச்சி பஸ் நாலேகாலுக்கு, அதை விட்டால் இருட்டிவிடும், வெரசாக் குடிங்க என்றார் பெரியவர்.